இடது பலகையின் உள்விளிம்பு

"மூணாவது வகைன்னே போட்டுடுங்க," என்றார் ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்தவர். "நான் வேகமா இறங்குற ஆளு."

அவர் மனைவி கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நேத்து லிஃப்ட்டை விட்டு இறங்குறப்பவே விழுந்தாரு," என்றாள்.

"அது பின்னாடி வந்தவன் இடிச்சது."

"பின்னாடி நான்தான் வந்தேன்."

பனிச்சறுக்குப் பலகைக் கடை நடத்தும் ரோஸினா சிரிக்கவில்லை. அவர் கொண்டுவந்திருந்த பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தைரியமாக முன்னால் சாய்ந்து இறங்குகிறவனின் பூட்ஸில் உள்ளே முன்பட்டை நசுங்கியிருக்கும். சரிவைக் கண்டு மிரண்டு பின்னால் சாய்கிறவனுக்குப் பின்பட்டை. இவருக்கு முன்பட்டை கடையில் வாங்கியபடியே புத்தம் புதிதாக இருந்தது.

பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் கவ்விக்கு இரண்டு வேலை. ஓடும்போது பிடிக்க வேண்டும், விழும்போது விட வேண்டும். எவ்வளவு விசை வந்தால் விடுவது என்பதை முன்கவ்வியிலும் பின்கவ்வியிலும் உள்ள திருகுகள் தீர்மானிக்கின்றன. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம் எல்லாம் தெரிய வேண்டும். கூடவே, அந்த ஆள் எப்படி இறங்குகிறவர் என்பதும் தெரிய வேண்டும். நிதானமாக, மட்டமான சரிவில் என்றால் முதல் வகை. செங்குத்தில் வேகமாக என்றால் மூன்றாம் வகை. நடுவில் இருப்பவர்கள் இரண்டாம் வகை.

இதை வாடிக்கையாளர் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லக் கூடாது. கிரீஸெக் என்ற இந்த மலையூரில் அது கண்டிப்பான வழக்கம். அதனால் ஆண்கள் வகையைக் கூட்டிச் சொல்வார்கள், பெண்கள் எடையைக் குறைத்துச் சொல்வார்கள். எடையில் சொன்ன பொய்யால் பலகை கழன்று நடுவழியில் நிற்க நேரும். வகையில் சொன்ன பொய்யால் முழங்கால் போகும்.

"எங்க கவ்விக்கு உங்க கௌரவம் தெரியாது," என்றாள் ரோஸினா. "மூணுன்னு வெச்சா, நீங்க விழறப்ப அது உங்க காலை விடாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "சரி, ரெண்டு."

"ஒண்ணு," என்றாள் மனைவி.

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, மிகவும் மெல்ல, "ஒண்ணு," என்றார்.

அவர்கள் போன பின் ரோஸினா கடையின் பின்புறம் இருந்த பட்டறைக்குள் போனாள். காலையிலிருந்து தொடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலை மேசைமேல் கிடந்தது. நேற்று ஆஃப்ரா போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பலகைகள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பார்லி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் மறுபடி பலகை ஏறப் போறேன். செங்கிண்ணத்தைத் திறக்குற அன்னிக்கு முதல் ஆளா இறங்கப் போறேன்," என்று ஆஃப்ரா சொன்னதும், ப்ளாட்னர் குடும்பத்தின் வீட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. ஆஃப்ரா ரோஸினாவின் தம்பி மனைவி. தம்பி கோர்பினியன் மலை வழிகாட்டி. சென்ற பிப்ரவரியில் செங்கிண்ணம் என்ற மலைப்பள்ளத்துக்குள் தனியாக இறங்கினான். சரிவின் பனி முழுவதும் அவன்மேல் பெயர்ந்து வந்தது. நாய்கள் தேடின, நீளக் கம்பிகளால் குத்திக் குத்தித் தேடினார்கள். கோடையில் பனி உருகிய பிறகு கடைசித் தம்பி விகில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினான். ஒரு கைத்தடிகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அதை வருகிற வெள்ளிக்கிழமை அவிழ்க்கப் போகிறார்கள். இன்று புதன்.

ஆஃப்ராவுக்குப் பலகை தேர்ந்தெடுப்பது சுலபம் என்றுதான் ரோஸினா முதலில் நினைத்தாள். ஆஃப்ரா நிமிர்ந்து நின்று, சின்னச் சின்னத் திருப்பங்களாக, தரையைத் தைப்பதுபோல் இறங்குகிறவள். அப்படிப்பட்டவர்களுக்கு நடுப்பகுதி ஒடுங்கிய, மோவாய் உயரப் பலகை போதும். ஓரம் நன்றாக உள்வளைந்திருந்தால் சின்ன வட்டத்தில் திரும்பும். திங்கட்கிழமை அதைத்தான் கொடுத்தாள். மாலையில் ஆஃப்ரா, "இது குட்டையா இருக்கு அண்ணி," என்று திருப்பிக் கொடுத்தாள். செவ்வாயன்று மூக்கு உயரத்தில், இன்னும் அகலமாக ஒன்று. அதுவும் குட்டை. இன்று காலை அவளே உள்ளே வந்து தன்னைவிட உயரமான, ஆழப்பனிக்கான அகலப் பலகையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அதைத் தூக்கி ஒரே வீச்சில் தோளில் போட்ட விதம் ஆஃப்ராவுடையதாக இல்லை.

திங்கட்கிழமைப் பலகையில்தான் ரோஸினா அதை முதலில் பார்த்தாள். இடது பலகையின் உள்விளிம்பு, சரியாகக் குதிகாலுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு மழுங்கியிருந்தது. மற்ற மூன்று விளிம்புகளும் நகத்தைச் சீவும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன.

பலகையின் இரும்பு விளிம்பு ஒருவர் இறங்கும் விதத்தை அப்படியே எழுதி வைத்துவிடும். வலப்பக்கம் திரும்பும்போது உடம்பின் பாரமெல்லாம் இடது பலகையின் உள்விளிம்பில் விழும், இடப்பக்கம் திரும்பும்போது வலது பலகையில். எல்லோருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேயும். கோர்பினியனுக்கு மட்டும் அப்படி இல்லை. இருபது வயதில் அவன் வலது கணுக்கால் உடைந்து, வெளிப்பக்க எலும்பு கோலிக்குண்டு மாதிரிப் புடைத்துச் சேர்ந்திருந்தது. அந்தக் காலை அவன் அதன்பிறகு நம்பவே இல்லை. எல்லா வேலையையும் இடது காலுக்குக் கொடுத்தான். திருப்பத்தின் முடிவில் குதிகாலால் ஓர் உதை விடுவான். அந்தத் தேய்மானத்தை அரம் போட்டு எடுத்தது ரோஸினாதான், ஒவ்வொரு பருவத்திலும், அவன் மாற்றிய ஒவ்வொரு பலகையிலும்.

நேற்றுக் காலை ஆஃப்ராவிடம் பலகையைக் கொடுக்கும் முன் நான்கு விளிம்புகளிலும் கறுப்பு மை தீட்டியிருந்தாள். அரம் எங்கே படுகிறது என்று பார்ப்பதற்காகப் பட்டறையில் செய்கிற சின்ன வேலைதான் அது. எங்கே தேய்கிறதோ அங்கே மை போய்விடும்.

விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூன்று விளிம்புகளில் மை லேசாக, சீராக வெளுத்திருந்தது. இடது பலகையின் உள்விளிம்பில், குதிகாலுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு மை சுத்தமாக இல்லை. இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

பலகையைக் கவிழ்த்தாள். வெள்ளை அடிப்பரப்பில் நீளவாக்கில் மூன்று செந்நிறக் கீறல்கள்.

கிரீஸெக்கின் மற்றச் சரிவுகளில் கல் சாம்பல் நிறம். சிவப்புக் கல் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு.

மதியம் விகில் வந்தான். சரிவுக் காவலர்களின் சிவப்புச் சட்டை, முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. நேராக அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் திறந்து பாலாடைக்கட்டி உருண்டை ஒன்றைக் கையாலேயே எடுத்தான்.

"தட்டுல போட்டுச் சாப்பிடு. உனக்கு நாப்பது வயசாகுது."

"முப்பத்தொம்பது. அந்த ஒரு வருஷத்தை ஏன்க்கா பிடுங்குற?"

"இங்க வா. இதைப் பாரு."

விகில் மென்றுகொண்டே குனிந்தான். விளிம்பில் பெருவிரலை ஓட்டினான். மெல்லுவது நின்றது. ஆனால் நிமிர்ந்தபோது முகத்தில் கிண்டல் திரும்பியிருந்தது.

"இதை நீதான் பண்ணியிருக்க."

"நானா?"

"இருபத்தஞ்சு வருஷமா இந்த இடத்துல அழுத்தி அரம் போட்டுப் பழகின கை. யார் பலகை வந்தாலும் அங்கதான் போய் நிக்கும். கை தன் பாட்டுக்கு ராவுது, மனசு பேய்க்கதை சொல்லுது."

ரோஸினா அதையும் யோசித்திருந்தாள். உண்மையில் அதற்காகத்தான் மை. "மை தீட்டினதுக்கு அப்புறம் நான் அரத்தைத் தொடலை," என்றாள். "அது போகட்டும். அடியில பாரு."

விகில் செந்நிறக் கீறல்களைப் பார்த்தான். பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"கயித்துக்கு அடியில புகுந்து போயிருக்கா," என்றாள் ரோஸினா. "நீ காவல் காக்குற லட்சணம் அப்படி."

விகில் நீண்ட மூச்சு ஒன்றை விட்டான்.

"அப்போ அது அண்ணிதான். அப்பாடா." கையைத் துடைத்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லலைக்கா. உள்ள ஒரு தடம் போகுது. ஒத்தை ஆள் தடம். வலப்பக்கத் திருப்பம் ஒவ்வொண்ணும் வாய்க்கால் வெட்டின மாதிரி ஆழம், இடப்பக்கத் திருப்பம் சும்மா தடவிட்டுப் போன மாதிரி. அதைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணிதான்னா, சரி. புருஷன் இறங்கின மாதிரியே இறங்கிப் பழகுது போல. பாவம்."

ரோஸினாவுக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. ஒருத்தியின் துக்கம் அவள் கால்வழியாக வெளியே வருகிறது. அது பயப்படத்தக்கதுதான், ஆனால் புரியக்கூடியது. தானும் விகிலுமாக அவளோடு உட்கார்ந்து அதைப் பேசித் தீர்க்கலாம்.

"முதல்ல எப்போ பார்த்த?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமென்றுகூட நினைக்கவில்லை.

"போன வியாழக்கிழமை."

இருவரும் ஒரே நேரத்தில் அதை உணர்ந்தார்கள். ஆஃப்ரா ஒரு வருஷத்துக்குப் பிறகு பலகை ஏறியது இந்தத் திங்கட்கிழமைதான். அதுவரை அவளுடைய பழைய பூட்ஸ் இதே பட்டறையில், மேல் தட்டில், தூசி படிந்து கிடந்தது.

விகில் எழுந்து பாத்திரத்தை மூடினான். "வேற எவனாவது இருப்பான்," என்றான். "உலகத்துல ஒருத்தனுக்குத்தான் கால் ஒடிஞ்சிருக்கா என்ன."

"வெள்ளிக்கிழமை திறக்காதே."

"என் கையில இல்லைக்கா. பனி இறுகிடுச்சு, வெடி வெச்சுப் பார்த்தாச்சு, ஒண்ணும் பெயரலை. ஆபத்துன்னு சொல்ல ஒரு காரணம் வேணும். இதையா போய்ச் சொல்றது?" அவன் விளிம்பைப் பார்க்காமல் சொன்னான். "நீதான் அண்ணியை நிறுத்தணும். பலகை குடுக்காதே."

"குடுக்கலைன்னா கீழ்த்தெருக் கடையில எடுப்பா. அந்தப் பையன் முகத்தைக்கூடப் பார்க்காம திருகு வைக்கிறவன்."

மூன்றரை மணிக்கு, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கித் தெரு நீலமானபோது, ஆஃப்ரா வந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. ஒரு வருஷமாக வீட்டில் யாரும் பார்க்காத நிறம்.

"இதுதான் அண்ணி," என்று அகலப் பலகைகளைச் சுவரில் சாய்த்தாள். "இது சரியா இருக்கு. பூட்ஸ்தான் கடிக்குது."

ரோஸினா மண்டியிட்டு பூட்ஸைக் கழற்றினாள். உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் ஆஃப்ராவின் காலை நுழைத்து, விரல்கள் முன்சுவரைத் தொடும்படி தள்ளச் சொன்னாள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை விரல் இடம் இருந்தது. அளவில் குறை இல்லை. பூட்ஸ் கடித்தால் ஒன்று அளவு தப்பு, இல்லையென்றால் எங்கோ ஓர் எலும்பு ஓட்டில் இடிக்கிறது. இடிக்கிற இடத்தைச் சூடாக்கி வெளியே பிதுக்கிவிட்டால் தீர்ந்தது.

"எந்த இடம்?"

ஆஃப்ரா வலது கணுக்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டாள். "இங்க. உயிர் போகுது."

ரோஸினா விரலால் தடவிப் பார்த்தாள். எலும்பு மெலிதாக, மழமழவென்று இருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. அவள் விரல் பட்டதும் ஆஃப்ரா பல்லைக் கடித்துக் காலை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நிஜமாகவே நீர் வந்திருந்தது.

அந்த இடத்தில் ஓட்டைப் பிதுக்க எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று ரோஸினாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோர்பினியனின் பூட்ஸில் எத்தனையோ முறை செய்த வேலை. செய்தாள். ஆறவைத்துப் போட்டுவிட்டாள்.

ஆஃப்ரா எழுந்து நின்று பாரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆஹா. இப்ப சரி."

"கவ்வி வைக்கணும்," என்றாள் ரோஸினா. பலகையை மேசையில் பொருத்தி, திருப்புளியை எடுத்துக்கொண்டாள். ஆஃப்ராவின் எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் கேட்க வேண்டும், அவள் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். "எடை?"

ஆஃப்ரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்பத்திரண்டு."

ஐம்பத்தெட்டுக் கிலோகூடத் தாண்டாதவள். ரோஸினா திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. அதே கடைக்காரக் குரலில் அடுத்ததைக் கேட்டாள்.

"உயரம்?"

"நூத்தி எண்பத்தேழு."

ரோஸினாவின் தோள் உயரம்தான் ஆஃப்ரா.

"வகை?"

"மூணு. என்ன கேள்வி இது." லேசான சலிப்பு. வருஷா வருஷம் இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே பதில்களைச் சொல்லிச் சலித்த ஒருவனின் சலிப்பு.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் திருகை ஒரு படி இறக்குவார்கள், அதற்காகக் கேட்பது.

"வயசு?"

"நாப்பத்தாறு."

போன பிப்ரவரியில் மலைக்குப் போனபோது கோர்பினியனுக்கு நாற்பத்தைந்து. நாற்பத்தாறாவது பிறந்த நாள் நவம்பரில் வந்தது, யாரும் கேக் வெட்டவில்லை. செத்தவர்களுக்கு வயது அந்த இடத்தில் நின்றுவிடும். இதுவோ நிற்கவில்லை. எங்கோ உட்கார்ந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆஃப்ரா."

"என்ன அண்ணி?" அவள் திரும்பினாள். கண்கள் அவளுடையவையாகவே இருந்தன.

"வயசு என்ன சொன்ன?"

"முப்பத்தெட்டு. ஏன், கிழவியா தெரியுதா?"

ரோஸினா பலகையைக் குனிந்து பார்த்தாள். ஆஃப்ரா சொன்னபடி வைத்தால் திருகின் எண் எட்டரை. ஆஃப்ராவின் உடம்புக்கு ஐந்து. எட்டரையில் அந்தக் கவ்வி திறப்பதற்குள் ஆஃப்ராவின் கால் எலும்பு முறிந்துவிடும். மேலிருந்து ஏதாவது பெயர்ந்து வந்தாலோ, கீழிருந்து ஏதாவது பிடித்து இழுத்தாலோ, பலகை நங்கூரம் மாதிரி அவளை உள்ளே கொண்டுபோகும். வெளியே விடாது.

வாடிக்கையாளர் சொன்னதை மாற்றி வைப்பது இந்தக் கடையில் நடந்ததே இல்லை. ரோஸினா திருப்புளியைப் பொருத்தினாள். முன்கவ்வியில் ஐந்து. பின்கவ்வியில் ஐந்து. அடுத்த பலகையிலும் அப்படியே. பிறகு பூட்ஸை மாட்டி, சோதனைக் கருவியின் நெம்புகோலை மெல்லத் திருகினாள். முள் ஏறியது. சரியான இடத்தில், டக்கென்று, கவ்வி பூட்ஸை விட்டது. இன்னொரு முறை திருகினாள். மறுபடியும் விட்டது.

பார்த்துக்கொண்டிருந்த ஆஃப்ராவின் முகம் சுருங்கியது. "இன்னும் கொஞ்சம் இறுக்கினா நல்லதுன்னு தோணுது."

"யாருக்குத் தோணுது?"

ஆஃப்ரா வாயைத் திறந்தாள். குழந்தை பாடம் மறந்ததுபோல் ஒரு திகைப்பு.

"இப்படித்தான் இருக்கும்," என்றாள் ரோஸினா. "இந்தத் திருகை வேற யாரும் தொடக் கூடாது. பலகையை இங்கயே வெச்சுட்டுப் போ. வெள்ளிக்கிழமை காலைல நான் எடுத்துட்டு வர்றேன்."

"நீங்க எதுக்கு அண்ணி தூக்கிட்டு அலையணும்?"

"நானும் வர்றேன். செங்கிண்ணத்துக்கு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. ரோஸினாவுக்கு நாற்பத்தொன்பது. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் எந்த வகை என்று இப்போது யாராவது கேட்டால் ஒன்று என்றுதான் சொல்வாள், பொய்யில்லாமல்.

ஆஃப்ரா எதிர்ப்பாள் என்று நினைத்தாள். ஆனால் ஆஃப்ராவின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் ரோஸினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது.

"நிஜமாவா? அப்போ மூணு பேரா போறோம்."

ரோஸினா அந்தக் கைகளை விடவில்லை. "விகிலால வர முடியாதும்மா," என்றாள். "அவனுக்குக் கயிறு அவுக்கிற வேலை இருக்கு."

"விகிலை யாரு கூப்பிட்டா?" என்றாள் ஆஃப்ரா.